இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஏன்? விழித்திரை நிறமியின் கணக்கு

இன்று இரவு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நல்ல வெளிச்சமுள்ள அறையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மட்டும் கறுப்புத் துணியால் ஒளி புகாதபடி கட்டிக்கொள்ளுங்கள். மற்ற கண்ணால் வழக்கம்போலப் படித்துக்கொண்டிருக்கலாம். இருபது நிமிடம் ஆனதும் விளக்கை அணையுங்கள்; கதவிடுக்கில் வரும் மங்கல் ஒளி மட்டும் இருந்தால் போதும். இப்போது கட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். கட்டியிருந்த கண்ணுக்கு நாற்காலி, மேசை, சுவரில் தொங்கும் சட்டை எல்லாம் தெரியும். மற்ற கண்ணுக்கு ஒரே கறுப்பு.

இருட்டில் பார்வை மெல்ல மெல்லத் தெளிவதற்குக் கண்பாவை விரிவதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். ஆனால் இந்தச் சோதனையில் அந்தக் காரணம் நிற்காது. ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டாலே இரண்டு கண்பாவைகளும் சேர்ந்து சுருங்கும்; இருட்டில் இரண்டும் சேர்ந்து விரியும். எனவே விளக்கை அணைத்த நேரத்தில் இரண்டு கண்பாவைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. அப்படியும் ஒரு கண்ணுக்குத் தெரிகிறது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை.

கண்பாவையின் விட்டம் பிரகாசமான ஒளியில் சுமார் 2 மில்லிமீட்டர். இருட்டில் அதிகபட்சம் 8 மில்லிமீட்டர். விட்டம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. அவ்வளவுதான் அதனால் முடியும். கண்கூசும் ஒளியிலிருந்து இருட்டுக்கு வந்தவரின் கண் அரைமணி நேரத்தில் அடையும் உணர்திறன் அதைவிட மிக மிக அதிகம். லட்சம் மடங்கு வரை போகும். மிச்ச வேலை எல்லாம் விழித்திரையில் நடக்கிறது. அதன் மையத்தில் இருப்பது ஒரு நிறமி.

ஒரு தவளையின் விழித்திரை

1876இல் ரோம் நகரில் பணியாற்றிய ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மானிய உடலியலாளர், இருட்டில் வைத்திருந்த தவளையின் கண்ணிலிருந்து விழித்திரையைப் பிரித்தெடுத்தார். அது நல்ல சிவப்பாக இருந்தது. ஆனால் வெளிச்சத்தில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மஞ்சளாகி, பிறகு நிறமே இல்லாமல் வெளுத்துப்போனது. உயிருள்ள தவளையை வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பார்த்தால் விழித்திரை வெளுத்திருந்தது; மறுபடி இருட்டில் வைத்தால் சிவப்பு திரும்பியிருந்தது. பார்வை என்ற செயலின் முதல் படியை மனிதர் ஒருவர் நேரில் கண்டது அப்போதுதான் என்று சொல்லலாம். போல் முப்பது வயதிலேயே காசநோயால் இறந்துபோனார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஹைடல்பர்க்கில் வில்லி கூனே தொடர்ந்தார். ஒரு முயலின் தலையைக் கம்பி போட்ட ஜன்னலைப் பார்த்தபடி நிறுத்தி, சில நிமிடம் கண்ணை மூடிவைத்து, பிறகு சில நிமிடம் ஜன்னலின் ஒளியைப் படவிட்டார். அதன் விழித்திரையை எடுத்துப் படிகார நீரில் பதப்படுத்தியபோது, ஜன்னலின் உருவம் அதில் தெரிந்தது. ஒளி பட்ட இடம் வெளுப்பு, கம்பியின் நிழல் விழுந்த இடம் சிவப்பு. கொலையுண்டவரின் கண்ணில் கொலைகாரனின் முகம் பதிந்திருக்கும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கைக்கு இந்தச் செய்தி தீனி போட்டது வேறு கதை. கூனே கண்ட இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம். கண்ணின் பின்சுவரிலுள்ள கறுப்புப் படலத்திலிருந்து பிரித்த விழித்திரை வெளுத்தால் வெளுத்ததுதான், நிறம் திரும்பாது. அந்தப் படலத்தோடு மறுபடி ஒட்டவைத்தால் நிறம் திரும்பியது.

நிறமி என்ன செய்கிறது

அந்தச் சிவப்பு நிறமியின் பெயர் ரோடாப்சின். விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் செல்கள் முக்கியமாக இரண்டு வகை. மங்கலான ஒளியில் வேலை செய்யும் கோல் செல்கள் சுமார் 12 கோடி. பகலிலும் நிறத்துக்கும் பயன்படும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். ஒவ்வொரு கோல் செல்லின் நுனியிலும் ஆயிரம் வரை மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தட்டுகளின் சவ்வில்தான் ரோடாப்சின் மூலக்கூறுகள் பதிந்துள்ளன. ஒரு செல்லுக்கு 10 கோடிக்கு மேல்.

ரோடாப்சினில் இரண்டு பகுதிகள். ஆப்சின் என்பது பெரிய புரதம். அதன் நடுவில் செருகியிருப்பது ரெட்டினால். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் சிறிய மூலக்கூறு. இருட்டில் ரெட்டினால் ஓரிடத்தில் வளைந்த வடிவில் இருக்கும். வேதியியலில் இதற்கு 11-சிஸ் என்று பெயர். ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒரே ஒரு துகள், அதில் பட்டதும் வளைவு நிமிர்ந்துவிடுகிறது. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு துண்டின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போதும் இதற்கு. பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இது ஒன்றுதான். அதற்குப் பின் நடப்பதெல்லாம் இருட்டிலும் நடக்கக்கூடிய வேதியியல்.

எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்து மாட்டிவைத்த பொறி, லேசாகத் தொட்டாலே பட்டென்று அடிக்கும். அடித்த பொறி தானாக மறுபடி மாட்டிக்கொள்ளாது. யாராவது எடுத்துச் சரிசெய்து வைக்க வேண்டும். ரோடாப்சினும் அப்படித்தான். ஒரு ஃபோட்டானுக்கு ஒரு முறை அடிக்கும். அப்புறம் நிமிர்ந்துபோன ரெட்டினால் ஆப்சினைவிட்டுக் கழன்றுவிடும், நிறமும் போய்விடும். போல் கண்ட வெளுப்பு இதுதான். மிஞ்சுவது வெறும் ஆப்சின்.

நிமிர்ந்த ரெட்டினாலால் ஆப்சினின் வடிவமும் மாறுகிறது. அது அருகிலுள்ள டிரான்ஸ்டியூசின் என்ற புரதங்களைப் பலவாகத் தூண்டுகிறது. அவை ஒரு நொதியைத் தூண்டுகின்றன. அந்த நொதி செல்லுக்குள் மின்வாயில்களைத் திறந்துவைத்திருக்கும் ஒரு பொருளை வேகமாக அழிக்கிறது. வாயில்கள் மூடுகின்றன, மின்னோட்டம் குறைகிறது, அது மூளைக்குப் போகும் சேதியாகிறது. ஒரே ஒரு மூலக்கூறில் தொடங்கியது படிப்படியாகப் பெருகி, முழு செல்லின் மின்னோட்டத்திலேயே அளந்து பார்க்கக்கூடிய மாற்றமாகிறது.

இதன் கூர்மை எவ்வளவு? 1942இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக் ஹெக்ட், சைமன் ஷ்லேர், மாரிஸ் பிரென் மூவரும் அளந்தார்கள். பார்ப்பவரை அரைமணி நேரத்துக்கு மேல் முழு இருட்டில் உட்காரவைத்தார்கள். கோல் செல்கள் மிக நெருக்கமாக இருக்கும் இடத்தில், அதாவது பார்வையின் நடுப்புள்ளியிலிருந்து 20 பாகை விலகிய இடத்தில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒரு நீலப்பச்சை ஒளிப்புள்ளியைக் காட்டினார்கள். கண்ணின் முகப்பில் 54 முதல் 148 ஃபோட்டான்கள் விழுந்தாலே அது தென்பட்டது. வழியில் பாதிக்கு மேல் சிதறியும் உறிஞ்சப்பட்டும் வீணாகின்றன. கடைசியில் ரோடாப்சின் பிடிப்பது 5 முதல் 14 மட்டும். அவையும் சுமார் 500 கோல் செல்களில் பரவி விழுவதால், ஒரே செல்லில் இரண்டு விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஆக, ஒரு கோல் செல்லைத் தூண்ட ஒரே ஒரு ஃபோட்டான் போதும். ஒளியில் அதற்குக் கீழே ஓர் அளவே கிடையாது.

நேர்க்கணக்கு எங்கே பிசகுகிறது

இதுவரை படித்தவருக்கு ஒரு விளக்கம் தானாகவே தோன்றும். வெளிச்சத்தில் நிறமி வெளுக்கிறது, அதனால் உணர்திறன் குறைகிறது. இருட்டில் நிறமி திரும்புகிறது, உணர்திறனும் திரும்புகிறது. நிறைய நிறமி இருந்தால் நிறைய ஃபோட்டான் பிடிபடும், குறைவாக இருந்தால் குறைவு. பல பாடநூல்கள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. அது வருத்தமான விஷயம், ஏனென்றால் இந்தத் துறையின் அழகே இதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறமியில் பாதி வெளுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி இருக்கிறது. முன்பு பிடித்த ஃபோட்டான்களில் ஏறக்குறைய பாதியை அது பிடிக்கும். அப்படியானால் ஒரு பொருள் தென்பட இரண்டு மடங்கு ஒளி தேவைப்பட வேண்டும். நூறில் தொண்ணூறு வெளுத்திருந்தாலும் பத்து மடங்குதான். உண்மையில் நாம் காண்பதோ ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு, அதற்கும் மேல்.

இந்த முரணைத் தெளிவாக அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் ரஷ்டன். உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் இருக்கும் நிறமியை எப்படி அளப்பது? அவர் கையாண்ட வழி எளிமையானது. கண்ணுக்குள் மெல்லிய ஒளியை அனுப்பினால் ஒரு சிறு பகுதி பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும். போகும்போதும் வரும்போதும் அது விழித்திரையைக் கடக்கிறது. நிறமி அதிகமிருந்தால் திரும்பிவரும் ஒளி குறையும், வெளுத்திருந்தால் கூடும். அந்த வித்தியாசத்திலிருந்து, எத்தனை சதவீதம் வெளுத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதே நபரிடம் அதே நேரத்தில் தென்படக்கூடிய மிகக் குறைந்த ஒளி எவ்வளவு என்பதையும் அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. சாதாரணக் கண்ணில், கோல் செல்களின் உணர்திறன் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில் கூம்பு செல்கள் குறுக்கே வந்து பார்த்துக்கொடுத்துவிடும். கோல் செல்லின் நிலை வெளியே தெரியாது. எனவே பிறவியிலேயே கோல் செல் பார்வை மட்டும் உள்ள ஒருவரை வைத்து அளந்தார். 1961இல் வெளியான அந்த முடிவு இதுதான்: வெளுத்த நிறமி ஒவ்வொரு 5 சதவீதம் கூடும்போதும், தென்படத் தேவையான ஒளி சுமார் பத்து மடங்கு ஏறுகிறது. 5 சதவீதம் வெளுத்தால் பத்து மடங்கு, 10 சதவீதம் வெளுத்தால் நூறு மடங்கு, 15 என்றால் ஆயிரம். எலிகளில் இதே வகையான உறவை ஜான் டௌலிங் 1960இல் கண்டிருந்தார்.

பத்து சதவீதம் வெளுத்த நிலையை நின்று யோசித்துப் பாருங்கள். தொண்ணூறு சதவீத நிறமி அப்படியே இருக்கிறது. ஃபோட்டான் பிடிப்பதில் குறை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கண்ணின் உணர்திறன் நூறில் ஒன்றாகிவிட்டது. காணாமல் போன நிறமியின் குறையால் இது நடக்க முடியாது. வெளுத்துப்போய் அங்கேயே கிடப்பது ஏதோ செய்கிறது.

வெறும் ஆப்சினின் பொய்வெளிச்சம்

இதற்கான துப்பு ரஷ்டனுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1932இல் ஸ்டைல்ஸ், கிராஃபோர்ட் என்ற இருவரும், பலத்த ஒளியைப் பார்த்துவிட்டு இருட்டுக்கு வந்த கண், மங்கலாக ஒளிரும் ஒரு திரையை எதிரே வைத்துப் பார்க்கும் கண்ணைப் போலவே நடந்துகொள்கிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதாவது, வெளியே இருட்டு; ஆனால் விழித்திரையைப் பொறுத்தவரை இன்னும் ஏதோ ஒளி விழுந்துகொண்டிருக்கிறது. அந்தப் பொய்வெளிச்சத்துக்கு மேலே எழுந்து தெரியும் அளவு ஒளி இருந்தால்தான் எதையும் காண முடியும். முழுநிலவு நாளில் மங்கலான நட்சத்திரங்கள் தெரியாமல் போவது வெளியிலுள்ள ஒளியால். இங்கே அதே விளைவு கண்ணுக்குள்ளிருந்து வருகிறது.

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? ரெட்டினால் கழன்றுபோன வெறும் ஆப்சின் முழுக்க ஓய்வில் இருப்பதில்லை. ஒளிபட்ட ரோடாப்சின் டிரான்ஸ்டியூசினைத் தூண்டுவதுபோல இதுவும் தூண்டுகிறது. மிக மிகப் பலவீனமாகத்தான். தனியாக ஒன்றை எடுத்தால் பொருட்படுத்தவே வேண்டாம். ஆனால் ஒரு செல்லில் 10 கோடி மூலக்கூறுகள் என்று பார்த்தோமே; அதில் பத்து சதவீதம் என்றால் ஒரு கோடி. ஒரு கோடி ஆப்சின்கள் சேர்ந்து முணுமுணுத்தால், செல் அதைத் தொடர்ந்து விழும் ஒளியாகவே எடுத்துக்கொள்கிறது. தொடர்ந்து விழும் ஒளிக்குச் செல் என்ன செய்யுமோ அதையே செய்கிறது: தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது.

தவளையின் உறவான சாலமாண்டர் என்ற உயிரினத்தின் கோல் செல்களைத் தனியே பிரித்து இது சோதிக்கப்பட்டது. பலத்த ஒளியில் வெளுத்த செல்லை இருட்டில் வைத்தால், மணிக்கணக்கானாலும் அது முழு உணர்திறனுக்குத் திரும்புவதில்லை. வெளியிலிருந்து 11-சிஸ் ரெட்டினாலைக் கொடுத்தால் திரும்புகிறது. ரெட்டினால் ஆப்சினில் போய் உட்கார்ந்ததும் முணுமுணுப்பு அடங்குகிறது. இந்த இடத்தில் ரெட்டினாலுக்கு இரண்டு வேலை இருப்பதைக் கவனியுங்கள். ஒளியைப் பிடிப்பது ஒன்று. ஒளி வராதவரை ஆப்சினை வாயைத் திறக்காமல் வைத்திருப்பது இன்னொன்று. இரண்டாவது வேலையை அது அபாரமாகச் செய்கிறது. குரங்கின் கோல் செல்களில் அளந்தபோது, ஒரு ரோடாப்சின் மூலக்கூறு ஒளியே இல்லாமல் வெப்பத்தால் மட்டும் தவறாக அடிக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்கிடப்பட்டது. அப்படிப்பட்ட அமைதி இருந்தால்தான் ஒரே ஒரு ஃபோட்டானின் வருகை தனித்துத் தெரியும்.

நிறமியின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று நோயாளிகளிடமிருந்து கிடைத்தது. 1907இல் சூட்டா ஒகுச்சி என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் விவரித்த ஒரு பிறவிக் குறைபாடு உண்டு. இவர்களுக்கு இருட்டில் பார்வை வரப் பல மணி நேரம் ஆகும். காத்திருந்தால் வந்துவிடும். நிறமி மெதுவாகத் திரும்புகிறதோ என்று அளந்து பார்த்தால், அது மற்றவர்களுக்கு ஆகும் அதே நேரத்தில் திரும்பிவிடுகிறது! குறை வேறிடத்தில். ஒளிபட்ட ரோடாப்சினின் வேலையை முடித்துவைக்க இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஒன்று அதில் பாஸ்பேட்டை ஒட்டும், இன்னொன்றான அரெஸ்டின் அதன்மேல் வந்து மூடும். இவற்றில் ஏதாவது ஒன்று பழுதாக இருந்தால், தூண்டப்பட்ட நிறமி அடங்காமல் நெடுநேரம் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நிறமி நிறைந்திருந்தும் கண் குருடு. இதற்கு நேர்மாறான இன்னொரு பிறவிக் குறைபாட்டில் நிறமி திரும்புவதே மெதுவாகிறது. அங்கே பார்வையும் அதே மெதுவான நடையில் வருகிறது. இந்த இரண்டு நோய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு மேலே சொன்ன கோட்பாட்டில் சந்தேகம் எழ வாய்ப்பில்லை என்பது என் கருத்து.

நிறமி வெளுக்காமலேகூட உணர்திறன் குறைவதுண்டு. நிலவொளியில் வெளுக்கும் ரோடாப்சின் கணக்கில் சேராத அளவுதான். ஆனாலும் கும்மிருட்டோடு ஒப்பிட்டால் கண்ணின் உணர்திறன் அப்போது நன்றாகவே தாழ்ந்திருக்கும். செல்லுக்குள் கால்சியத்தின் அளவு மாறுவது, விழித்திரையின் நரம்பிணைப்புகள் தங்கள் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்வது என்று பல வழிகளில் இது நடக்கிறது. விளக்கை அணைத்தால் இந்த வகைக் குறைவு சில நொடிகளில் சரியாகிவிடும். அரைமணி நேரம் காக்கவைப்பது வெளுத்த நிறமி மட்டும்தான்.

சரி, அந்த நேர்க்கணக்கு எங்குமே பலிக்காதா? பலிக்கும் இடம் ஒன்று உண்டு: உச்சிவெயிலில், கூம்பு செல்களில். வெயில் அடிக்கும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூம்பு நிறமியில் பாதியளவு வெளுத்துவிடும். ஒளி இன்னும் கூடினால் இன்னும் வெளுக்கும், பிடிபடும் ஃபோட்டான்களின் பங்கும் அதே விகிதத்தில் குறையும். இதனால்தான் எவ்வளவு வெயில் அடித்தாலும் கூம்பு செல்கள் திணறி நின்றுவிடுவதில்லை. இங்கே வெளுப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. கோல் செல்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் நிறமி பெரும்பாலும் வெளுக்காமல் இருக்கும்போதே, சாதாரணப் பகல்வெளிச்சத்தில் அவை முழுக்கத் திணறிப்போய் ஒதுங்கிவிடுகின்றன.

அரைமணி நேரம் எதற்குப் போகிறது

கழன்ற ரெட்டினாலை மறுபடி வளைப்பது கோல் செல்லால் முடியாத வேலை. அது வைட்டமின் ஏ வடிவுக்கு மாற்றப்பட்டு, செல்லைவிட்டு வெளியேறி, கூனே சொன்ன அந்தக் கறுப்புப் படலத்துக்குப் போகிறது. அங்கேயுள்ள நொதிகள் அதை மறுபடி 11-சிஸ் வடிவத்துக்கு வளைத்துத் திருப்பி அனுப்புகின்றன. கண் மருத்துவர்கள் இப்படலத்தை ஆர்பிஈ என்பார்கள். இந்தப் போக்குவரத்துதான் நேரத்தை விழுங்குகிறது. மனிதக் கண்ணில் ரோடாப்சின் பாதி திரும்ப ஐந்து நிமிடம் வரை ஆகும். கூம்பு நிறமிக்கு ஒன்றரை நிமிடம் போதும். கூம்பு செல்களுக்கு விழித்திரைக்குள்ளேயே வேறொரு குறுக்குவழியும் இருப்பது இந்த வேகத்துக்கு உதவுகிறது.

இருட்டுக்குள் போனவரின் அனுபவத்தில் இது இரண்டு கட்டமாகத் தெரியும். முதல் சில நிமிடங்களில் கூம்பு செல்கள் தேறி, ஓரளவு பார்வை வந்து, அப்படியே நின்றுவிடும். இதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று தோன்றும். பிறகு, பத்து நிமிடம் வாக்கில், கோல் செல்கள் அவற்றை முந்துகின்றன. பார்வை மறுபடி தெளியத் தொடங்குகிறது. சுமார் நான்கு நிமிடத்துக்குப் பத்து மடங்கு என்ற வேகத்தில் ஏறி, கடைசிப் பகுதி மட்டும் மெதுவாகி, முப்பது நாற்பது நிமிடத்தில் உச்சத்தைத் தொடும். வயது ஏற ஏற இந்த நேரம் நீள்கிறது. விழித்திரையின் நடுப்பகுதியைப் பாதிக்கும், முதுமையில் வரும் மாக்குலா சிதைவு நோயின் தொடக்கத்தில் இன்னும் நீள்கிறது. கண் மருத்துவர் காட்டும் எழுத்துப் பலகையை நன்றாகவே படிப்பவரிடம்கூட. ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவருக்கு இருட்டில் பார்வை வர முன்பைவிடத் தாமதமாவதாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933இல் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வால்ட். 1967இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். ஒளி செய்வது ரெட்டினாலின் வடிவத்தை மாற்றுவது மட்டுமே என்பதை நிறுவியதில் அவருடன் பணியாற்றிய ரூத் ஹப்பர்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெயரும் அதே அளவு பரவியிருக்க வேண்டும்.

உணவில் வைட்டமின் ஏ நெடுநாள் கிடைக்காவிட்டால் ரெட்டினால் குறைகிறது, ரோடாப்சின் குறைகிறது, மாலைக்கண் நோய் வருகிறது. உடனே வராது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், போருக்குப் போக மறுத்த சிலர் தாமாக முன்வந்து வைட்டமின் ஏ இல்லாத உணவை மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள். இருட்டுப் பார்வை தெளிவாகக் குறைந்தது அவர்களில் சிலருக்கே. மற்றவர்களைக் கல்லீரலில் இருந்த சேமிப்பு காப்பாற்றியது. குழந்தைகளுக்கு அந்தச் சேமிப்பு குறைவு. அவர்களிடம் மாலைக்கண் முதல் எச்சரிக்கை மட்டுமே. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்து நடத்திய ஆய்வொன்று 1990இல் வெளியானது; கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் தட்டுத்தடுமாறும் குழந்தையைக் கண்டால் அசட்டையாக இருக்கக்கூடாது. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, பால் எல்லாம் உதவும்; ஆனால் அறிகுறி வந்துவிட்டால் மருத்துவரிடம் போவதே முறை.

ரெட்டினாலை வளைக்கும் ஆர்பிஈ65 என்ற நொதியே பிறவியில் பழுதாக இருப்பவர்களுக்கு வைட்டமின் சாப்பிட்டுப் பயனில்லை. குழந்தைப் பருவத்திலேயே பார்வை மங்கும். நல்ல மரபணுவை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் சிகிச்சை ஒன்றுக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது.

சிவப்பு விளக்கு

கிடைத்த இருட்டுப் பார்வையை இழக்காமல் இருக்கவும் நிறமியின் குணமே வழி சொல்கிறது. ரோடாப்சின் அதிகமாக உறிஞ்சுவது சுமார் 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியை. 650 நானோமீட்டர் ஆழ்சிவப்பில் அதன் உணர்திறன் உச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. கூம்பு செல்களுக்கோ அங்கேயும் தம் உச்சத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே மங்கலான ஆழ்சிவப்பு விளக்கில் கூம்பு செல்களால் படிக்கலாம். கோல் செல்கள் அதை ஏறக்குறைய இருட்டாகவே எடுத்துக்கொள்ளும். 1916இல் வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க் இதை வைத்துச் சிவப்புக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து எக்ஸ்ரே மருத்துவர்கள் மங்கலான ஒளிர்திரையை இருட்டறையில் பார்த்து நோயறிய வேண்டியிருந்தது. அதற்கு முன் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திராமல், அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்திலேயே மற்ற வேலைகளைப் பார்த்தார்கள்.

நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் சிவப்பு டார்ச் வைத்துக்கொள்வதும் இதனால்தான். சிவப்பு என்பதற்காகக் கண்கூசும் அளவுக்கு ஏற்றிவிடக்கூடாது. ஒளி போதுமான அளவு பலமாக இருந்தால் சிவப்பும் கோல் செல்லைத் தாழ்த்தும். கைபேசியின் வெள்ளைத் திரையில் நீலப்பச்சை தாராளமாக இருக்கிறது, எனவே அதைப் பையிலேயே விட்டுவிடுங்கள். தவிர்க்க முடியாமல் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மூடிய கண்ணின் நிறமி அப்படியே இருக்கும். மங்கலான நட்சத்திரத்தை நேராக உற்றுப் பார்க்கவும் வேண்டாம். விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில் கோல் செல்களே கிடையாது, நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்றுத் தள்ளி, பத்து இருபது பாகை விலகி வேறெங்காவது பார்வையை நிறுத்தினால் அது மறுபடி தெரியும்.